‘தெரியவில்லை’ என்றால் ‘இல்லை’யா?

மார்ச் 4
மூன்றாமாண்டு இயற்பியல் வகுப்புக்கு எக்ஸ்ரே பாடம். என்னைத் தாண்டித் துறைத்தலைவரானவர் வகுப்பு நடுவில் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். பார்க்கட்டும்.

மாலையில் தங்கை வீடு. மார்பில் கட்டி தட்டுப்படுகிறதாம், இரண்டு மாதமாக. இன்றைக்குத்தான் என்னிடம் சொல்கிறாள். மேமோகிராம், அதுதான் மார்பு எக்ஸ்ரே, எடுத்தாயிற்று. "ஒண்ணும் தெரியலன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க மச்சான், விட்டுட்டோம்" என்றார் மாப்பிள்ளை, டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

தெரியவில்லை என்றால் இல்லை என்று அர்த்தமா?

மார்ச் 5
ஆத்திரம் அடங்கவில்லை. படத்தை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். முழுக்க வெள்ளை. அவளுக்கு அடர்த்தியான மார்பு. எக்ஸ்ரேயில் அது வெள்ளையாக விழும். புற்றும் வெள்ளையாகத்தான் விழும். வெள்ளைச் சுவரில் சுண்ணாம்புக் கறையைத் தேடிவிட்டு, சுவர் சுத்தம் என்கிறார்கள். கைக்குத் தட்டுப்படுவது படத்தில் இல்லையென்றால் பொய் சொல்வது கையா, படமா? படித்த டாக்டருக்கு இது தோன்றாதா?

மார்ச் 7
மூவருமாகப் போனோம். அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் ஏன் எழுதவில்லை என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். "சார், படத்துல ஒண்ணும் தெரியல, அதனால ஸ்கேன் எடுக்கணும்னுதான் சொன்னேன்."

மாப்பிள்ளை தரையைப் பார்த்தார். பாதி வாக்கியத்திலேயே எழுந்து வந்துவிட்டாராம், சந்தோஷத்தில். சந்தோஷமாம்! "எனக்கும் அதுக்கப்புறம் எதுவும் காதுல விழலண்ணா" என்றாள் தங்கை.

ஸ்கேனுக்கு வராதவளை ஒரு போன் போட்டுக் கூப்பிட்டிருக்கலாமே? டாக்டரம்மா நாளைக்கே ஸ்கேன் எடுக்கச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

மார்ச் 8
ஸ்கேன். சாம்பல் வெளிச்சத்தில் கறுப்பாக ஒன்று, ஓரமெல்லாம் பிசிறு. எனக்கே தெரிந்தது. எக்ஸ்ரேக்குத் தெரியாதது ஒலிக்குத் தெரிகிறது – இருபது வருஷமாக இதைத்தானே பாடம் எடுக்கிறேன். சோதனைக்கு ஊசியால் சதை எடுத்திருக்கிறார்கள்.

மார்ச் 14
புற்றுதான்.

மார்ச் 24
எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பார்க்க, மருந்து ஏற்றி எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். அது அடுத்த மார்பிலும் ஒன்றைக் காட்டி எங்கள் உயிரை வாங்கியது. மறுபடி ஊசி. இன்று சொல்கிறார்கள், அது சும்மா ஒரு கட்டியாம், ஒன்றும் செய்யாதாம். ஒரு கருவி இருப்பதைக் காட்டாது. இன்னொன்று ஒன்றுமில்லாததற்கும் கதிகலங்க வைக்கும். இதற்குப் பெயர் விஞ்ஞானம்.

வரவேற்பறையிலேயே கத்திவிட்டேன். தங்கை என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். "இப்படிக் கத்துவன்னுதான் உங்கிட்ட மொதல்ல சொல்லல."

எழுதவே கை வரவில்லை.

ஏப்ரல் 2
ஆபரேஷன். மார்பை எடுக்க வேண்டாம், கட்டியை மட்டும் எடுத்தால் போதும் என்று முடிவாகியிருந்தது. கூட ஒருவர்தான் இருக்கலாமாம். "அவர் இருக்கட்டும். நீ இருந்தா நர்ஸுங்க பாவம்ணா" என்றாள்.

வீட்டுக்கு வந்து சட்டைகூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தேன். மூன்று மணிக்கு மாப்பிள்ளை கூப்பிட்டார்.

"நல்லபடியா முடிஞ்சுது மச்சான். கண்ணு முழிச்சதும் உங்களத்தான் கேட்டா. யார்கூடவாவது சண்டை போட்டாரான்னு."

"இல்லன்னு சொல்லுங்க."

வண்டி நிறுத்துமிடத்துக்காரனிடம் போட்டதைச் சொல்லவில்லை.