வழிமொழிந்தவள்

சுன்னாகத்தில் நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்துக்கு நேற்று மத்தியானம் ஒரு பிள்ளை வந்தாள். முன்பு என்னிடம் தமிழ் படித்தவள், இப்போது கம்பஸில் இரண்டாம் வருஷம். பல்கலைக்கழகப் பேரவையில் மாணவருக்கென்று இருக்கும் ஆசனத்துக்குத் தேர்தல் வருகிறதாம். தானும் அதற்குப் போட்டியாகக் கேட்கப் போகிறாளாம். வேட்புமனுவைக் கொண்டுவந்து, எழுத்துப்பிழை இருந்தால் பார்த்துச் சொல்லச் சொன்னாள். ஒரே ஒரு தாள். மேலே பெயர், பீடம், வருஷம். கீழே முன்மொழிபவருக்கு ஒரு கோடு, வழிமொழிபவருக்கு ஒரு கோடு.

"ரீச்சர், வழிமொழியிறவர் என்ன செய்யோணும்?" என்று கேட்டாள்.

கையெழுத்து வைத்தால் போதும் என்றேன். தாளைக் கொடுத்து அனுப்பிவிட்டு ஆசிரியர் அறைக்குள் போய் இருந்துவிட்டேன்.

அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். நீ போய் ஏழு வருஷமாகிறது. இத்தனை நாளும் உனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. எங்கே தொடங்க வேண்டும் என்று தெரிந்திருந்ததுதான் காரணம்.

முதல் வருஷம், முதல் கிழமை, விரிவுரை மண்டபத்தில் என் பக்கத்தில் வந்து இருந்தாய். நீ கதைத்தால் மூன்று வரிசைக்குக் கேட்கும். கொஞ்சம் மெல்லக் கதைக்கச் சொன்னதற்கு, "எங்கடை கரையிலை மெல்லக் கதைச்சால் காத்துக்குத்தான் கேக்கும்" என்றாய். நீ குருநகர், உன் அப்பாவுக்கு ஒரு வள்ளம். நான் உரும்பிராய், எங்களுக்கு வெங்காயத் தோட்டம். மத்தியானத்தில் சாப்பாட்டுப் பெட்டிகளை மாற்றிச் சாப்பிடுவோம். வெள்ளிக்கிழமை நான் மச்ச மாமிசம் தொடமாட்டேன் என்று உன் அம்மாவிடம் சொல்லி, அன்றைக்கு மட்டும் கத்தரிக்காய்ப் பொரியல் கொண்டுவருவாய். உன் வீட்டுக்கு நான் பலமுறை வந்திருக்கிறேன். நீ என் வீட்டுக்கு ஒருநாளும் வந்ததில்லை. நான் கூப்பிடவில்லை. ஏன் என்று நீயும் கேட்கவில்லை.

இரண்டாம் வருஷச் சோதனைக்கு முந்தின நாள் உன் அப்பாவின் வள்ளம் கரைக்கு வரவில்லை. முதற்பாடச் சோதனை தொடங்கும்போது உன் கதிரை வெறுமையாக இருந்தது. நீ அம்மாவோடும் தம்பியோடும் கடற்கரையில் நின்றாய் என்று பிறகு அறிந்தேன். மூன்றாம் நாள் காலையில் வேறு ஊர் வள்ளக்காரர் அவரைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். இயந்திரம் பழுதாகி, நீரோட்டம் இழுத்த பக்கமெல்லாம் போயிருக்கிறார். உதடு வெடித்து, கண் சிவந்து, ஆனால் உயிரோடு.

கரை முழுக்கக் கொண்டாடியது. அடுத்த கிழமை நீ அலுவலகத்துக்குப் போனாய். சோதனைக்கு வராதவர் வைத்தியச் சான்றிதழோ மரணச் சான்றிதழோ காட்ட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த வருஷம் திரும்ப எழுத வேண்டும், எவ்வளவு திறமாக எழுதினாலும் வெறும் தேர்ச்சி, சாதாரண சித்திதான் என்பது விதி. உன்னிடம் இரண்டும் இல்லை. கன்ரீனில் வந்திருந்து சிரித்தாய். "மனுசன் செத்திருந்தால் சேட்டிபிக்கேற் இருந்திருக்கும்" என்றாய். நானும் சிரித்தேன். எங்கள் வகுப்பில் முதலாம் வகுப்புச் சித்தி எடுப்பாய் என்று எல்லோரும் நம்பியிருந்தது உன்னைத்தான்.

மூன்றாம் வருஷத் தொடக்கத்தில் பேரவைத் தேர்தலுக்கு அறிவித்தல் போட்டார்கள். விதி எதை மாற்றுவதென்றாலும் கடைசியில் பேரவைதான் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று யாரோ உனக்குச் சொல்லியிருந்தார்கள். அன்றைக்கே வேட்புமனுவை எடுத்துவிட்டாய். மூத்த மாணவர்கள் ஏற்கெனவே இறுதி வருஷ அண்ணை ஒருவரைத் தீர்மானித்து வைத்திருந்தார்கள். அவர்கள் தீர்மானித்த ஆளை எதிர்த்து ஒருவரும் கேட்பது வழக்கமில்லை. ஒரு பாடத்துக்காக ஏன் இவ்வளவு பாடு என்று உன்னைக் கேட்டேன். அப்போது நீ சிரிக்கவில்லை.

"பாடத்துக்காக இல்லையடி. தான் திரும்பி வந்ததுக்கு அப்பா வெக்கப்படுறார். என்ரை முகத்தைப் பாத்துக் கதைக்கிறாரில்லை. அந்த விதி பிழையெண்டு ஆரும் பெரியாக்கள் சொல்லோணும். அப்பதான் அவருக்கு ஆறும்."

நான் உடனே வழிமொழிந்து கையெழுத்து வைத்தேன். விடுதியில் இருந்த உன் சினேகிதி முன்மொழிந்தாள்.

மூத்தவர்கள் என்னிடம் வரவில்லை. அவர்களில் ஒருவன் என் அண்ணையோடு படித்தவன். அவன் அண்ணையிடம் போனான். அன்று பின்னேரம் நான் வீட்டுக்குள் காலடி வைக்கும்போதே அம்மா குசினிக்குள் போய்விட்டார். அண்ணை கதிரையில் இருந்தபடி கேட்டார்: "உனக்கு அந்தக் குருநகர்ப் பிள்ளையோடை என்ன அலுவல்?" அந்த வீட்டில் அதற்கு மேல் சொல்லத் தேவையில்லை, சாதியைத்தான் கேட்கிறார் என்று எல்லோருக்கும் விளங்கியது. அப்பா தோட்டத்தால் வந்து, கால் கழுவி, என்னைப் பார்க்காமல் சாப்பிட்டார். அண்ணை சொல்லச் சொல்ல நான் எழுதினேன். வேட்புமனுவை முழுமையாக வாசிக்காமல் கையெழுத்திட்டுவிட்டேன், ஆகவே மீளப் பெறுகிறேன் என்று. என் எழுத்து வடிவானது என்று நீ அடிக்கடி சொல்வாய். அந்தக் கடிதத்தையும் வடிவாகத்தான் எழுதினேன்.

மனு ஏற்கும் கடைசி நாள் பின்னேரம், நேரம் முடிவதற்குச் சற்று முன்னர் அதை அலுவலகத்தில் கொடுத்தேன். வேறு ஆளிடம் கையெழுத்து வாங்க உனக்கு நேரம் இருக்கவில்லை. அடுத்த நாள் அறிவித்தல் பலகையில் உன் பெயர் இல்லை. அலுவலகத்துக்குப் போய்க் காரணம் கேட்டுக்கொண்டு நேரே என்னிடம் வந்தாய். படிக்கட்டில் நின்றேன். நீ கத்துவாய் என்று நினைத்தேன். முதல்தடவையாக, பக்கத்தில் நின்றவருக்கும் கேட்காத குரலில் கேட்டாய்:

"வாசிக்காமலோ வைச்சனீங்கள்?"

நீ என்று கூப்பிட்டவள் நீங்கள் என்றாய். நான் குனிந்து படியைப் பார்த்தேன். அது போதும் என்பதுபோல நீ திரும்பிப் போய்விட்டாய்.

ஒரு வருஷம் நாங்கள் கதைக்கவில்லை. நீ எங்களுக்குப் பின்னால் வந்தவர்களோடு இருந்து அந்தப் பாடத்தைத் திரும்ப எழுதினாய். எல்லோரையும்விடத் திறமாக எழுதினாய் என்று விரிவுரையாளர் ஒருவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். பெறுபேற்றுத் தாளில் சாதாரண சித்தி என்று இருந்தது. பாராட்டவோ மன்னிப்புக் கேட்கவோ பலமுறை உன் பக்கமாக நடந்திருக்கிறேன். நூலகக் கதவு வரைக்கும் வந்து திரும்பிப் போயிருக்கிறேன்.

நான்காம் வருஷம் திரும்பவும் தேர்தல் வந்தது. ஒரு நாள் காலையில் நீ என் மேசைக்கு முன்னால் வந்து நின்று வேட்புமனுவை வைத்தாய்.

"போன முறை வாசிக்கேல்லை எண்டனீர். இந்த முறை வாசியும். எனக்குக் கேக்க வாசியும்."

முதல் எழுத்திலிருந்து கடைசிக் கோடு வரைக்கும் வாசித்தேன். நீ காத்திருந்தாய். ஏன் என்னிடம் வந்தாய் என்று கேட்டேன். மன்னித்துவிட்டேன் என்று சொல்வாய் என எதிர்பார்த்தேன் போலும். நீ அப்படிச் சொல்லவில்லை. உரும்பிராய், கோப்பாய்ப் பக்கத்துப் பிள்ளைகள் என் பெயரைப் பார்த்தால்தான் உனக்கு வாக்குப் போடுவார்கள் என்றாய். அது உண்மைதான். கையெழுத்து வைத்தேன். பின்னேரம் வீட்டுக்குப் போய், யாரும் கேட்பதற்கு முன்னர் நானே சொன்னேன்: "வாசிச்சுத்தான் வைச்சனான்." அண்ணை மாதக்கணக்காக என்னோடு கதைக்கவில்லை.

நீ வென்றாய். வகுப்பு வகுப்பாகப் போய் அந்த ஒரு கோரிக்கையை மட்டும் சொன்னாய். காட்டுவதற்குத் தாள் இல்லாத துக்கமும் துக்கம்தான் என்பதை உன்னைப்போல் சொல்ல வேறு ஆளில்லை. முதற்கூட்டம் முடிந்து வந்து, நீண்ட மேசையைப் பற்றியும், ஒவ்வொருவருக்கும் முன்னால் வைத்திருந்த ஒலிவாங்கியைப் பற்றியும், உன்னுடையதை நீ தள்ளி வைத்துவிட்டுக் கதைத்ததைப் பற்றியும் சொன்னாய். ஆராய்ந்து சொல்ல ஒரு குழு போட்டிருக்கிறார்கள் என்று சந்தோஷப்பட்டாய்.

அதற்குப் பிறகுதான் காய்ச்சல் விட்டுவிட்டு வரத் தொடங்கியது. டெங்கு என்று நினைத்தோம். இரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தபோது உன்னைக் கொழும்புக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இரண்டாவது கூட்டத்துக்கு நீ மருந்துக்கு இடையில் பஸ்ஸில் வந்தாய். தலையில் துணி கட்டியிருந்தாய். குழு இன்னும் முடிக்கவில்லை, அடுத்த கூட்டத்தில் பார்ப்போம் என்றார்கள். வெளியே வந்து மதிலில் சாய்ந்து நின்றாய். உன் பையை நான் வாங்கினேன். "நான் போனால் என்ரை இடத்துக்கு நீ கேப்பியோ?" என்றாய். என்ன விசர்க் கதை என்று ஏசினேன். பிறகு ஓம் என்றேன். நீ என்று நீ என்னைத் திரும்பக் கூப்பிட்டாய் என்பது, வீட்டுக்குப் போய்ச் சைக்கிளை நிறுத்தும்போதுதான் எனக்கு உறைத்தது. சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

மூன்றாவது கூட்டத்துக்கு நீ இருக்கவில்லை.

உன்னை அடக்கம் செய்யச் சேமக்காலைக்குக் கொண்டுபோன அன்று அண்ணை என்னை மோட்டார்சைக்கிளில் கொண்டுவந்து வேதக்கோயில் வாசலில் இறக்கிவிட்டார். உள்ளே வரவில்லை. குழி மூடும்வரை வெளியே நின்று, திரும்ப ஏற்றிக்கொண்டு போனார்.

உன் இடத்துக்கு நான் கேட்டேன். யாரும் எதிர்த்துக் கேட்கவில்லை. நீ எழுதி வைத்ததைப் பேரவையில் வாசித்தேன். பாதியில் ஒருவர், சத்தமாக வாசியுங்கள் பிள்ளை, கேட்கவில்லை என்றார். ஒலிவாங்கியைக் கிட்ட இழுத்தேன். வீட்டில் யாராவது காணாமற் போனாலும், இறந்தாலும், கிராம சேவகரோ பங்குத்தந்தையோ கோயில் தலைவரோ தரும் கடிதம் போதும் என்று ஒப்புக்கொண்டார்கள். இனிமேல் வரும் சோதனைகளுக்கு மட்டும். பழைய பெறுபேறுகளைத் தொடுவதில்லை என்றும் அதிலேயே எழுதினார்கள். நான் எழும்பி உன் பெயரைச் சொல்லி, அந்தப் பெறுபேற்றை மட்டுமாவது திருத்துங்கள் என்று கேட்டேன். அதற்கு இடமில்லை என்று மரியாதையாகத்தான் சொன்னார்கள்.

அடுத்த நாள் காலையில் குருநகருக்குப் போனேன். உன் அப்பா கரையில் வேறொருவரோடு வலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். கதிரை இல்லை என்று தன் சாரத்து நுனியால் ஒரு மரக்கட்டையைத் துடைத்து என்னை இருத்தினார். நடந்ததைச் சொன்னேன். கையில் வலை அப்படியே இருந்தது. அவர் கேட்டார்:

"அப்ப அந்தப் பாடத்துக்கு என்ரை பிள்ளைக்குச் சரியான மாக்ஸ் போடுவினமோ?"

என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

"ஓம் ஐயா," என்றேன். "போட்டிட்டினம்."

அவர் பக்கத்தில் இருந்தவரிடம் திரும்பினார். "கேட்டனியே?" என்றார். பிறகு வலையை வைத்துவிட்டு எழும்பி வீட்டுக்குப் போனார். உன் அம்மாவிடம் அவர் சொல்வது கரை வரைக்கும் கேட்டது. உன் குரல் யாருடையது என்று அன்றுதான் அறிந்தேன்.

இப்போது நான் குருநகருக்குப் போனால், தெரியாதவர்கள்கூட வந்து சொல்கிறார்கள், அந்தப் பிள்ளையின் மாக்ஸைக் கம்பஸ் திருத்திக் கொடுத்ததாம் என்று. உன் அப்பா தலை நிமிர்த்திக்கொண்டு தொழிலுக்குப் போகிறார். உன் பெறுபேற்றுத் தாளில் இன்றைக்கும் பழைய சித்திதான் இருக்கிறது. அதை அவருக்கு ஒருநாளும் நான் சொல்லப்போவதில்லை. அவர்கள் அப்படிச் சொல்லும் ஒவ்வொரு முறையும் ஓம் என்கிறேன். உன்னிடம் மட்டும் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது.