கோட்டைத் தொடாத குழாய்

அண்ணா, உன்னைக் கொன்றது கான்ட்ராக்டர். ஒரு கை நானும் கொடுத்தேன்.

இன்று காலை எங்கள் மட்டாஞ்சேரி லேபுக்கு ஒருவர் வந்தார். கால்வாய்ச் சேறும் ரம்மும் கலந்த வாடை அவருக்கு முன்பே உள்ளே வந்துவிட்டது. வரிசையில் இருந்தவர்கள் மூக்கைப் பொத்தினார்கள். முழங்காலில் காயக்கட்டு, கையில் இரத்தம் உறையும் நேரம் பார்க்கச் சொல்லி டாக்டரின் சீட்டு. அந்தச் சோதனைக்கான நீல மூடிக் குழாயை எடுத்தபோது நீ நினைவுக்கு வந்தாய்.

நீயும் அதே நாற்காலியில்தான் உட்கார்ந்தாய். கால்வாய்ச் சேறு அள்ளும்போது ஒரு கண்ணாடித் துண்டு உள்ளங்கையைக் கிழித்திருந்தது. தையல் போட்ட பிறகும் கட்டு நனைந்துகொண்டே இருந்ததால் டாக்டர் அனுப்பியிருந்தார்.

"நல்லா குத்திக்கோ. உன் பென்சிலை உடைச்சதுக்கெல்லாம் சேர்த்து," என்றாய்.

"காலையிலயே குடிச்சியா?"

"குடிக்காம அந்த நாத்தத்துல நீ இறங்கு, பாப்போம். கான்ட்ராக்டர் சேட்டனே ஊத்தித் தர்றாரு. ஊத்திட்டு அவரு கார்ல ஏறிக் கண்ணாடிய ஏத்திக்குவாரு."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். நீ என் அண்ணன் என்று அங்கே யாரிடமும் நான் சொன்னதில்லை. உன்னைச் சீக்கிரம் எழுப்பி அனுப்பிவிட வேண்டும் என்ற அவசரத்தில் ஊசியை முன்னதாகவே உருவினேன். இரத்தம் குழாயின் கோட்டைத் தொடவில்லை.

கோடு வரை நிரம்பாவிட்டால் உள்ளே இருக்கும் உறைதடுப்பு மருந்து அந்த இரத்தத்துக்கு அதிகமாகி, உறையும் நேரம் பொய்யாக நீண்டு காட்டும். அதனால் இயந்திரம் நீண்ட நேரம் காட்டியபோது, என் கைத்தவறு என்று நினைத்து அந்த முடிவைத் தள்ளினேன். வேறு குழாயில் பார்த்த கல்லீரல் நொதிகளும் எகிறியிருந்தன. அதை மட்டும் நம்பினேன். குடிக்கிறவனுக்கு வேறென்ன இருக்கும்? இரத்தத்தை உறையவைக்கும் புரதங்களைச் செய்வதே கல்லீரல்தான். தினசரி ஊற்றி அதைக் கெடுத்திருந்தார்கள். அன்று காலை குடித்தது தட்டணுக்களையும் ஒன்றோடொன்று சரியாக ஒட்டவிட்டிருக்காது. இரண்டு முடிவுகளையும் சேர்த்துப் பார்த்திருந்தால் போதும். நான் பரீட்சை எழுதித் தேறிய பாடம் இது.

"சாம்பிள் சரியில்ல. நாளைக்கு வா."

"சரிங்க சேச்சி," என்று மற்றவர்களைப் போலவே என்னை அக்கா முறையில் கூப்பிட்டுவிட்டு எழுந்து போனாய். நான் யாரிடமும் சொல்லாதது உனக்குத் தெரிந்திருந்தது.

வேலை முடிந்து லேபுக்குப் போவதாகச் சுள்ளிக்கல்லில் நீ தங்கியிருந்த அறையில் சொல்லிவிட்டு மறுநாள் கிளம்பியிருக்கிறாய். அன்றும் ஊற்றினார்கள். கால்வாய்ச் சுவரில் வழுக்கித் தலையில் அடி. வெளியே சின்னக் காயம்தான். "போதை தெளியட்டும்" என்று கான்ட்ராக்டர் உன்னை லாரி நிழலில் கிடத்திவிட்டு மற்றவர்களை வேலைக்கு விரட்டினார். மண்டைக்குள் கசிந்த இரத்தம் நிற்கவில்லை. மாலை வரை கிடந்தாய். இறப்புச் சான்றிதழில் எழுதிய காரணம், குடிபோதையில் விழுந்தது.

அந்த முடிவை நான் நம்பியிருந்தால் பிழைத்திருப்பாயா, தெரியாது. அன்று கால்வாயில் இறங்கியிருக்க மாட்டாய். அது தெரியும்.

இன்று கோடு வரை நிரப்பினேன். முகம் சுளித்தவர்களிடம், "எங்க அண்ணனும் இந்த வேலைதான் செஞ்சாரு," என்றேன். உறையும் நேரம் உன்னுடையதைப் போலவே நீண்டது. டாக்டருக்குப் போன் செய்தேன். அட்மிட் செய்யச் சொன்னார். அதற்குள் அதே கான்ட்ராக்டர் ஆளைத் தேடி வந்துவிட்டார்.

"மோளே, சின்ன காயம்தானே. ஆளை விடு, பணி பாக்கி கிடக்கு."

"இவருக்குக் குடிக்க யாரு குடுத்தா?"

"அதில்லாம இவங்க இறங்க மாட்டாங்க."

"எங்க அண்ணனுக்கும் நீங்கதான் ஊத்திக் குடுத்தீங்க. இங்க இருக்கிற எல்லாரும் கேக்க அதைச் சொல்லுங்க."

அவர் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். அது அடிக்கவே இல்லை.