சாரலில் ஒரு பீப்பாய்

1933 ஜூன் 11, ஞாயிறு. தென்காசி.

ஆராதனை முடிந்து வந்தால் வீட்டுப் பட்டாசாலை நடுவில் ஒரு பீப்பாய் நிற்கிறது. கொல்லம் வண்டியில் கார்டாகப் போன என் வீட்டுக்காரர், தன் கார்டு பெட்டியிலேயே ஏற்றிக் கொண்டுவந்துவிட்டார். யாரோ வெள்ளைக்காரன் ஒயின் வைத்திருந்ததாம். பலகை ஊறி இடுக்கெல்லாம் அடையட்டும் என்று நிறையத் தண்ணீர் ஊற்றி வைத்திருக்கிறார். தரையெல்லாம் ஈரம். என் சேலையும் ஈரம்.

“ஏட்டி ரெபேக்கா, உள்ள தலைய விட்டு மோந்து பாரு. புளிச்ச வாடை அடிக்கா?”

முதலில் சேலையை மாற்றுகிறேன் என்றேன். கேட்கவில்லை. மோந்து பார்த்தேன். மரவாடைதான், லேசாகக் காய்ந்த திராட்சை. சொன்னதும் முகம் பூத்துவிட்டது.

யுத்தத்தில் பஸ்ராவுக்குப் போன இடத்தில் விஷக்காய்ச்சல் வந்து இவருக்கு மூக்கு போய்விட்டது. மல்லிகையும் சாணமும் ஒன்றுதான். அங்கே பட்டாளக் கேன்டீனில் பீர் காய்ச்சின ஒரு சோல்ஜர்தான் இந்த வித்தையைச் சொல்லிக்கொடுத்தான். மூக்கைக் கொடுத்து இதை வாங்கிவந்தேன் என்பார். அதனால் இந்த வீட்டில் காய்ச்சுகிறவர் அவர், மோந்து பார்க்கிறவள் நான். நாக்கில் ஒரு சொட்டு வைத்ததில்லை. வைக்கவும் மாட்டேன்.

முந்தாநாள் சாரல் தொடங்கிவிட்டது. இந்தக் குளிர்ச்சியில்தான் பீர் ஒழுங்காகப் பொங்குமாம். தென்காசி வெயிலில் காய்ச்சிய முதல் தடவை கள்ளு மண்டியைப் போட்டு அது கள்ளாகவே ஆனது. போன வருஷத்தது காடி. எலுமிச்சங்காய் ஊறுகாய்க்கு ஊற்றினேன். பள்ளிக்கூடத்தில் எல்லா டீச்சரும் பக்குவம் கேட்டார்கள்!

ஜூன் 17, சனி. குற்றாலம்.

குற்றாலிங்கம் அண்ணாச்சி வீட்டுக் கொல்லையில் காய்ச்சினோம். இவருடைய சிநேகிதர். சீசனுக்கு வருகிறவர்களுக்குச் சாப்பாடு போட்டு நடத்துகிறவர். கொல்லையை ஒட்டி வாய்க்கால், அருவித் தண்ணீர் சில்லென்று ஓடுகிறது.

முளைகட்டி, உலர்த்தி, வறுத்துத் திரித்த பார்லியைக் கல்யாண அண்டாவில் வெந்நீரில் ஊறப்போட்டு, துணியில் வடிகட்டி, மறுபடி கொதிக்கவிட்டார். பம்பாயிலிருந்து தகர டின்னில் வந்த, கசப்புக்குப் போடுகிற ஹாப்ஸ் பூவை அள்ளிப் போட்டதும் எழுந்த வாசனை — வேப்பம்பூவை நெய்யில் வறுத்தது போல, கூடவே எங்கோ ஒரு ஆரஞ்சுத் தோல்.

“என்ன வாடை? சொல்லு, சொல்லு.”

சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டு நின்றார். மழை அவர் தலையில் சொட்டிக்கொண்டிருந்தது. நானும் ஏனோ சொல்லிக்கொண்டே போனேன். வகுப்பில்கூட அவ்வளவு நன்றாகப் பேசியதில்லை.

அண்டாவை வாய்க்காலில் இறக்கி ஆறவைத்து, பெரிய பீங்கான் பரணியில் ஊற்றி, கொல்லத்து ரொட்டிக்கடையில் வாங்கிய ஈஸ்டைக் கரைத்துவிட்டார்.

ஜூன் 21, புதன்.

நுரை பொங்கிப் பரணிக்கு வெளியே வழிகிறதாம். பிள்ளை பிறந்த வீடு மாதிரி சிரிக்கிறார்.

ஜூலை 3, திங்கள்.

பள்ளிக்கூட மேனேஜர் பாதிரியார் கூப்பிட்டு அனுப்பினார். ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா இந்த மாதத்தோடு ஓய்வு. அடுத்து நானா, ஞானப்பூ டீச்சரா என்று கமிட்டி முடிவு செய்யப்போகிறது. எனக்குத்தான் அனுபவம் அதிகம் என்று அவரே சொன்னார். சொல்லிவிட்டு மேஜையைத் துடைத்தார். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தார்.

“உங்க வீட்டுக்காரர் குற்றாலத்துல சாராயம் காய்ச்சுதாருன்னு ஒரு பேச்சு இருக்கு.”

“சாராயம் இல்லைங்க, பீர். வீட்டுக்கு மட்டும். பொழுதுபோக்குக்கு.”

“ரெண்டும் வேற வேறன்னு நான் ஒவ்வொரு வீடா ஏறிச் சொல்ல முடியுமாம்மா? கமிட்டி கூடுததுக்குள்ள அந்தப் பேச்சு இல்லாம ஆக்கிருங்க.”

வெளியே வந்தால் மரத்தடியில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்கிறார்கள். அந்த அறை, அந்த நாற்காலி — எனக்கு வேண்டும். வேண்டும் என்று எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஏன் வெட்கம்? ஆம்பிளை ஒருவன் ஆசைப்பட்டால் வெட்கப்படுவானா?

ஜூலை 5, புதன்.

சொல்ல வாயெடுத்தேன். இவர் இழைப்புளியால் சீவிய அடைப்புக்கட்டையைக் காட்டி, “பாத்தியா, கச்சிதமா ஒக்காருது” என்றார். சோறு போட்டேன்.

ஜூலை 8, சனி. குற்றாலம்.

தென்காசியிலிருந்து கொண்டுவந்த பீப்பாய்க்குப் பீரை மாற்றினோம். ரப்பர் குழாயின் ஒரு நுனி பரணியில், மறு நுனி பீப்பாயில். மண்டி கலங்காமல் இறங்க வேண்டும் என்று மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் பனங்கற்கண்டுப் பாகு கொஞ்சம். ஈஸ்ட் அதைத் தின்றுதான் உள்ளே காற்று உண்டாகுமாம், அந்தக் காற்றுதான் நுரையாம். அடைப்பை வைத்து மரச்சுத்தியலால் அடித்தார். பீப்பாயை வாய்க்கால் ஓரத்தில் ஈரச்சாக்கு சுற்றிக் கிடத்தியாகிவிட்டது.

“இந்தத் தடவை ஜெயிச்சாச்சு. நம்ம கல்யாண நாளைக்கு கார்டுமாரை எல்லாம் கூப்பிடுதேன். ஊருக்கே தெரியட்டும்.”

ஊருக்கே தெரியட்டும்! சிரித்து வைத்தேன்.

ஜூலை 27, வியாழன்.

ஞானப்பூ டீச்சர் புதுச்சேலை கட்டிவந்தாள். பாதிரியார் வீட்டில் அவளுக்கு மத்தியானச் சாப்பாடாம். அடுத்த வாரம் கமிட்டி.

ஜூலை 29, சனி.

கை ஓடவில்லை. எழுதித்தான் ஆக வேண்டும்.

குற்றாலத்தில் குதிரைவண்டி நிற்கிற இடத்துக்கே என்னை அழைக்க வந்துவிட்டார். காலையிலேயே பீப்பாயில் பித்தளைக் குழாய் மாட்டிவிட்டேன், உனக்காகத்தான் இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை என்றார். அண்ணாச்சி சந்தைக்குப் போயிருந்தார். கொல்லையில் நாங்கள் இரண்டு பேர்தான்.

கண்ணாடித் தம்ளரில் பிடித்தார். தேன் நிறம். மேலே வெள்ளையாக, விரல் உயரத்துக்கு நுரை.

“மோந்து பாரு.”

மோந்தேன். என் தேவனே, என்ன வாசனை! புது ரொட்டியின் மேல்தோடு. மழை பட்ட வைக்கோல். அந்த வேப்பம்பூ இப்போது தூரத்தில், மெதுவாக. ஒரு குற்றம் இல்லை.

“எலி செத்த வாடை அடிக்குங்க” என்றேன்.

சும்மா, சாதாரணமாக வந்தது வாயில்.

“எலியா?” தம்ளரை வாங்கி ஒரு வாய் குடித்தார். நாக்குக்குத் தெரிகிற கசப்பும் இனிப்பும்தானே அவருக்கு. “நாக்குக்கு நல்லாத்தானே இருக்கு…” என்று என்னைப் பார்த்தார். “சரியா மோந்தியா?”

“குமட்டுது. யாருக்கும் குடுத்துராதீங்க.”

கொஞ்ச நேரம் பீப்பாயின் மேல் கையை வைத்து நின்றார். பிறகு வாய்க்கால் பக்கம் உருட்டி, அடைப்பைத் தட்டிக் கழற்றிவிட்டார். சீறிக்கொண்டு வந்தது. நுரை வாய்க்கால் முழுக்க வெள்ளையாகப் படர்ந்து, வளைவில் திரும்பிப் போயிற்று. அவர் பாத்துக்கிட்டே நிக்காரு. நானும் நிக்கேன். அப்பவாவது சொல்லியிருக்கலாம்லா? பாதி பீப்பாய் மிச்சம் இருந்துச்சே!

ஜூலை 30, ஞாயிறு.

ஆராதனையில் பாட்டுக்கு எழுந்து நின்றேன், வாய் திறக்கவில்லை.

விட்டுருங்க என்று கேட்டிருந்தால் சரி என்றிருப்பார். அது நிச்சயம். அதுதான் பயமாக இருந்தது. எனக்காக விட்டுக்கொடுத்தார் என்றால் ஆயுசுக்கும் அது எங்கள் நடுவில் உட்கார்ந்திருக்கும். கெட்டுப்போயிற்று என்றால் யார்மேலும் குற்றமில்லை. அப்படி நினைத்தேன்.

ஆகஸ்ட் 10, வியாழன்.

என்னைத்தான் போட்டார்கள். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

இவர் புனலூரிலிருந்து முழு பலாப்பழம் தூக்கிவந்திருந்தார். எண்ணெய் தடவிய கையோடு அவரே உரித்து, சுளையை இலையில் அடுக்கி, “ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மாவுக்கு” என்று நீட்டினார். நல்ல பழம். பல்லில் ஒட்டிக்கொண்டு விழுங்கவே முடியவில்லை.

ஆகஸ்ட் 27, ஞாயிறு.

புனலூருக்கு மாற்றல் கேட்டிருக்கிறாராம். மலைப்பாதை வண்டிக்கு அனுபவப்பட்ட கார்டு வேண்டுமாம். “ஞாயித்துக்கிழமை வந்துருவேன், இங்கன இருக்கு புனலூர்” என்றார். என்னிடம் கேட்டுவிட்டு எழுதிக்கொடுக்கக் கூடாதா என்று வந்தது. எந்த வாயால் கேட்பேன்?

செப்டம்பர் 9, சனி.

பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் குற்றாலத்துக்குக் கூட்டிப்போனோம். திரும்பும்போது குற்றாலிங்கம் அண்ணாச்சி வழியில் பார்த்து நிறுத்தினார்.

“டீச்சரம்மா, ஒண்ணு கேக்கணும், கோவிச்சுக்கிடாதிய. அன்னைக்கு அந்த பீரை ஏன் கொட்டினிய?”

“கெட்டுப்போச்சு அண்ணாச்சி.”

“எங்க கெட்டுச்சு! அவரு உங்கள அழைக்கப் போயிருக்கையில நான் கள்ளத்தனமா ஒரு செம்பு புடிச்சு மூக்கு முட்டக் குடிச்சுட்டுல்லா சந்தைக்குப் போனேன். நான் இந்தச் சீசன்ல எத்தனையோ துரைமாருக்குப் பாட்டில் ஒடச்சுக் குடுத்தவன். அது மாதிரி வாசம் நான் கண்டதில்ல.”

பிள்ளைகளை முன்னால் போகச் சொன்னேன். “இவர்கிட்ட சொன்னீங்களா?”

“அன்னைக்குச் சாயங்காலமே சொன்னேனே. சிரிச்சாரு. ‘டீச்சர் மூக்கு பொய் சொல்லாது ஓய்’னாரு. அம்புட்டுதான்.”

அன்னைக்குச் சாயங்காலமே.

அப்படியானால் பலாப்பழம் உரித்த அன்றைக்கு — தெரிந்துதான் உரித்தாரா?

செப்டம்பர் 10, ஞாயிறு.

மத்தியானச் சாப்பாடு ஆனதும் சொல்லிவிட்டேன். பாதிரியார் சொன்னது, கமிட்டி, எலி வாடை, எல்லாம். அழக்கூடாது என்று நினைத்திருந்தேன். அழுதேன்.

இவர் கார்டு விளக்கின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைப்பதை நிறுத்தவில்லை.

“கேட்டிருந்தா நானே அடைப்பைப் புடுங்கி விட்டிருப்பேன்லா?”

“தெரியும்.”

“தெரியுமா?”

“அதான் கேக்கல.”

தலையை ஆட்டினார், புரிந்ததுபோல. கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டிருந்தால் காலில் விழுந்திருக்கலாம்.

“பீர் போனா போவுது. அடுத்த சாரலுக்குக் காய்ச்சலாம்” என்றார். அப்புறம் கொஞ்சம் கழித்து, “எனக்கு இருந்ததே உன் மூக்குதான ரெபேக்கா. இனிமே நீ நல்லாருக்குன்னு சொன்னாலும், அது நெசமா, என்னயச் சமாதானப்படுத்தச் சொல்லுதியான்னு எனக்கு எப்படித் தெரியும்?”



அக்டோபர் 1, ஞாயிறு.

புனலூருக்குப் போய்விட்டார். ஸ்டேஷனுக்குப் போனேன். பச்சைக்கொடியை ஆட்டிவிட்டு வழக்கம்போல வேலையில் கண்ணாக நின்றார். வண்டி வளைவு திரும்புகிறவரை கொடிதான் தெரிந்தது.

நவம்பர் 14, செவ்வாய்.

இரண்டு ஞாயிறாக வரவில்லை. மலையில் மண் சரிவு. பள்ளிக்கூடத்தில் ஆய்வு நல்லபடி முடிந்தது. இன்ஸ்பெக்டர் என் கையெழுத்தைப் புகழ்ந்தார். வந்து சொல்ல ஆள் இல்லை.

டிசம்பர் 26, செவ்வாய்.

கிறிஸ்துமசுக்கு வந்து இரண்டு நாள் இருந்தார். முறுக்கு பிழிந்தேன், நன்றாகச் சாப்பிட்டார். ஸ்டேஷன் கதைகள் சொன்னார், சிரித்தோம்கூட. பழையபடி ஆகிவிடும் என்று நேற்று நினைத்தேன்.

இன்று காலையில் நான் தலை துவட்டிக்கொண்டு வருகிறேன். இவர் பால் செம்போடு பக்கத்து வீட்டு ஆவுடைத்தாயிடம் நிற்கிறார். “திரிஞ்ச வாடை அடிக்கான்னு பாரு தாயி.” அவள் என்னைப் பார்த்துவிட்டு, எதற்கு நம்மிடம் கேட்கிறார் என்று குழம்பிப்போய் மோந்து பார்த்தாள். நல்ல பால்தான். என்னை நோகடிக்கச் செய்யவில்லை, அது எனக்குத் தெரியும். அவருக்குத் தோன்றவே இல்லை. நான் உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தேன்.

1934 பிப்ரவரி 18, ஞாயிறு.

வரவில்லை.

மே 12, சனி. புனலூர்.

கோடை விடுமுறை. சொல்லாமல் புறப்பட்டு வந்தேன். எழுதிக் கேட்டால் வேண்டாம் என்று சொல்லமாட்டார், அதனாலேயே எழுதவில்லை.

குவாட்டர்ஸ் ஒரே அறை. சுத்தமாக இருக்கிறது. ஒரு கட்டில், ஒரு கிண்ணி, ஒரு தம்ளர். தாடி விட்டிருக்கிறார், நரை கலந்து அழகாகத்தான் இருக்கிறது. இங்கே காய்ச்சுகிறீர்களா என்று கேட்டேன். “இல்ல. மீன் பிடிக்கப் போறேன், கல்லடை ஆத்துல” என்றார். மீன் பிடிப்பது பற்றி நிறையச் சொன்னார். நல்ல குரலில், நிதானமாக. ஒரு மனக்குறையும் இல்லாத மனிதர் பேசுவதுபோல எனக்கு இருந்தது.

வந்தபோது நடந்ததைக் கடைசியாக எழுதுகிறேன். வாசலில் என்னைக் கண்டதும் திகைத்துப்போனார். பிறகு நாற்காலியைத் துண்டால் தட்டி முன்னால் இழுத்துப் போட்டார்.

“வாங்க. உக்காருங்க. காப்பி சாப்பிடுதியளா?”

என்னை ஏட்டி என்றே கூப்பிடுகிறவர். யாரோ பின்னால் வந்திருக்கிறார்கள், அவர்களுக்கு முன்னால் மரியாதைக்குச் சொல்கிறார் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன்.

முற்றத்தில் ஒருவரும் இல்லை.