குல்குல் போட்ட டப்பா

கட்கி, புனே
18.1.2003

அன்புள்ள சுந்தரமூர்த்தி அண்ணன் அவர்களுக்கு,

எல்சி எழுதுகிறேன். கோயம்புத்தூரில் உங்களையும் பார்வதி அக்காவையும் ஆண்டவர் சுகமாக வைத்திருப்பாராக. ஆறு வருஷமாக வாய் திறக்காதவளுக்கு இப்போது என்ன வந்தது என்று கிழித்துப் போட்டுவிடாதீர்கள்.

ஆர்தருக்கு மறுபடியும் பக்கவாதம். ஈஸ்டர் வரை தாங்கினால் பெரிது என்கிறார் டாக்டர். பேச்சு குழறுகிறது. ஆனால் அந்த ஊமைப்படத்தை மட்டும் விடமாட்டேன் என்கிறார். நீங்கள் இரண்டு பேரும் ஜுனா பஜாரில் பழைய இரும்புக் குவியலில் கண்டெடுத்தீர்களே, வாத்தைத் தூக்கிக்கொண்டு தன் கல்யாணத்துக்கு ஓடும் தபால்காரன் படம், அதுதான். வேறு பிரதியே கிடையாது என்று லண்டனிலிருந்துகூடக் கேட்டு எழுதினார்களே!

மகன் ஜெர்சன் தினமும் சாயங்காலம் சுவரில் போட்டுக் காட்டுகிறான். இவர் கோணல் வாயால் சிரிக்கிறார். இரண்டாம் ரீல் முடிந்து சுவர் வெள்ளையானதும், அப்புறம் என்ன ஆச்சு என்று என்னைக் கேட்கிறார். எனக்கு எப்படித் தெரியும்? வேலையற்ற வேலை என்று கேலி செய்தேனே தவிர, ஒரு நாளாவது கூட உட்கார்ந்து பார்த்தேனா? மூன்றாம் ரீலைப் பார்த்தவர்கள் நீங்கள் இரண்டு பேர்தான். அவருக்கு மறந்துபோயிற்று.

அண்ணா, ஜெர்சனுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது என்ற தைரியத்தில் எழுதுகிறேன். அந்த ரீலைத் தொலைத்தது நான். கிறிஸ்துமஸ் குல்குல் போட்டு வைக்க மூடி இறுக்கமான டப்பா தேடினேன். அந்த ரீல் இருந்த டப்பாதான் கைக்கு வந்தது. காடி வாடை அடித்த சுருளைப் பழைய பேப்பரோடு, எடைக்கு வாங்கும் ரத்திக்காரனிடம் போட்டுவிட்டு, டப்பாவைத் தேய்த்துக் கழுவிப் பலகாரத்தோடு, அப்போது இங்கேயே இருந்த உங்கள் வீட்டுக்கே கொடுத்தேன். மூடியில் அவர் ஆணியால் கீறியிருந்த ரீல் எண்ணை நான் கவனிக்கவில்லை. உங்கள் அடுக்களையில் அதைப் பார்த்துத்தான் அவர் உங்களைத் திருடன் என்று கத்தினார். நீங்கள் என் முகத்தைப் பார்த்தீர்கள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லாமல் அவ்வளவு திட்டையும் வாங்கிக்கொண்டீர்கள். நானும் பயத்தில் கல்லாட்டம் நின்றேன். பாவி நான்.

உங்களைத் திருடன் என்று நினைத்துக்கொண்டே அவர் போய்விடக் கூடாது. மூன்று தடவை சொல்லப் போனேன், நாக்கு எழவில்லை.

கடிதம் கிடைத்த அன்றே ரயில் ஏறுங்கள் அண்ணா, காலில் விழுந்து கேட்கிறேன். நீங்கள் வந்து அவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், உண்மையை நான் சொல்லிவிடுகிறேன். அதற்குப் பிறகு அந்தத் தபால்காரனுக்குக் கல்யாணம் ஆயிற்றா என்று நீங்கள் சொல்லுங்கள். நினைவில்லாவிட்டால், ஆயிற்று என்றே சொல்லுங்கள்.

ஆண்டவர் உங்களுக்கு வழித்துணையாக வருவார்.

மன்னிப்புக் கேட்கவும் அருகதையற்ற தங்கை,
எல்சி