திரும்ப வாங்கிய ரொட்டி

சேசு மரி சூசை

இராயபுரம்,
30-7-1972

கடலில் இருக்கும் என் அன்புள்ள கணவர் ஸ்டானிஸ்லாஸ் அவர்களுக்கு, உங்கள் ஐரீன் வணக்கத்துடன் எழுதுவது. நானும் பிள்ளைகளும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். சின்னவளுக்கு முன்பல் விழுந்துவிட்டது. கப்பல் சமையல்கட்டில் கையைச் சுட்டுக்கொண்டதாக எழுதியிருந்தீர்களே, ஆறிவிட்டதா?

நம் பேக்கரி பேப்பரில் வந்ததாமே, பத்துப் பிரதி அனுப்பு, கப்பலில் எல்லோருக்கும் காட்ட வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். ஒரு பிரதிகூட அனுப்பப் போவதில்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். முழுவதும் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

மெழுகுத்தாள் சுற்றிய மிஷின் ரொட்டி வந்ததிலிருந்து நம் வியாபாரம் படுத்துவிட்டது. பேப்பரில் பெயர் வந்தால்தான் பிழைப்போம் என்று சொல்லிவிட்டுத்தான் நீங்கள் கப்பல் ஏறினீர்கள். நானும் எழுதினேன். நம் பன் எவ்வளவு மெத்தென்று இருக்கும் என்று முதல் கடிதம். புது அடுப்பு கட்டியதைப் பற்றி இரண்டாவது. இரண்டும் குப்பைக்குப் போயின. பிறகு ஒரு பிளம் கேக்கைக் கட்டிக்கொண்டு மவுண்ட் ரோடு பத்திரிகை ஆபீசுக்கே போனேன். குமாரவேல் என்கிற நிருபர் கேக்கைத் தின்றுகொண்டே, உங்க ரொட்டி நியூஸ் இல்லம்மா, ரொட்டிக்குக் கையேந்தி நிக்கிறவங்கதான் நியூஸ் என்றார். எனக்குப் புத்தி வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். மூன்றாவது கடிதம் நாலே வரி. அந்தோணியார் திருநாள், கோயில் பக்கவாசல், காலை ஒன்பது மணி, முந்நூறு ஏழைகளுக்கு ரொட்டி, நல்ல படம் கிடைக்கும். உடனே வருவதாகக் கார்டு வந்தது. நான் பெருமையாக அதை நாலு பேரிடம் காட்டினேன்.

அந்தோணியார் ரொட்டியை உங்கள் வீட்டில் எப்படிக் கொடுப்பீர்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. முதல் பூசை முடிந்ததும் கூடையை அந்தோணியார் சுரூபத்தின் காலடியில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். யார் எடுத்தார்கள் என்று கேட்கவும் கூடாது. இந்த வருஷம் நான் கூடைமேல் கையை வைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன். ஆறு மணிப் பூசைக்கு வந்த சனம் பத்து மணி வரைக்கும் வெயிலில் நின்றது. நம் அடுப்பு மேஸ்திரி ஜார்ஜ், "சனங்க பசியோட கீறாங்கம்மா, குட்த்துடுங்க" என்று இரண்டு தடவை சொன்னார். போட்டோக்காரர் வரட்டும் என்றேன்.

டாக்சியில் வந்து இறங்கினார்கள். யாரும் சிரிக்கக் கூடாது என்றார் குமாரவேல். கையை நன்றாக நீட்டச் சொன்னார். பேக்கரிப் பெயர் எழுதிய தகரத்தை முன்னால் வைக்கச் சொன்னார். வரிசையில் ஒரு அம்மாள் முக்காட்டை இறக்காமல் நின்றார்கள். முகம் தெரியவில்லை என்று குமாரவேலே அதை இழுத்துவிட்டார். பார்த்தால் உங்கள் அக்கா ஞானம்.

பிறகுதான் தெரிந்தது, எண்ணூர்த் தொழிற்சாலைக் கதவடைப்பில் அவர்கள் வீட்டுக்காரர் சிலுவைமுத்து அண்ணனுக்கு ஏழு மாதமாக வேலை இல்லையாம். தினமும் டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு கிளம்பி, காசிமேட்டில் உட்கார்ந்துவிட்டு வருவாராம். மகள் பிலோமினா கல்யாணம் முடிகிறவரை நம்மிடம்கூடச் சொல்லாமல் மூடி வைத்திருக்கிறார்கள். தம்பி வீட்டில் கேட்கக் கூசி, யாரும் பார்க்காத ரொட்டி என்றுதான் அண்ணி அங்கே வந்திருக்கிறார்கள்.

முக்காடு விலகியதும் அண்ணி என்னையே பார்த்தார்கள். இது எங்கள் வீட்டு ஆள், வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் படம் கெட்டு டாக்சி போய்விடுமே என்று வாயை மூடிக்கொண்டேன். ரொட்டியைக் கையில் வைத்தேன். சரியாக விழவில்லை, இன்னொரு தடவை என்றார் போட்டோக்காரர். அண்ணி கையிலிருந்து ரொட்டியைத் திரும்ப வாங்கி மறுபடி கொடுத்தேன். இரண்டு தடவை அப்படிச் செய்தேன். சீ, எழுதவே கை கூசுகிறது.

மறுநாள் மாலைப் பேப்பரில் அண்ணி முகமும் நம் பேக்கரிப் பெயரும் பெரிதாக வந்தன. இப்போது திருவொற்றியூர்க் கம்பெனி கேன்டீன்கள் நம்மிடம்தான் வாங்குகின்றன. மத்தியானத்துக்குள் அலமாரி காலி. அந்தக் காலி அலமாரியை நான் துணி போட்டு மூடிவிடுகிறேன்.

கோயிலில் மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டிய கல்யாண அறிவிப்பு ஓலையில் பிலோமினாவுக்கு ஒரு தடவை வாசித்தாகியிருந்தது. அடுத்த ஞாயிறு அவள் பெயர் வரவில்லை. மூலக்கொத்தளத்து மாப்பிள்ளையின் அப்பா சவரிமுத்து பேப்பரும் கையுமாக அண்ணி வீட்டுக்குப் போய், "சம்பளக்காரன் வூட்டுப் பொண்ணுன்னீங்க, இன்னா இது கலீஜு?" என்று தெருவே கேட்கக் கத்தினாராம். பெண் அன்றிலிருந்து வாசலுக்கு வருவதில்லை.

நான் திருவொற்றியூருக்கு, அண்ணி வீட்டுக்கு ஓடினேன். அண்ணி கதவைப் பாதி திறந்து, "இன்னா ஐரீன், தனியா வந்துகிற? போட்டோக்காரரு எங்க?" என்று கேட்டுவிட்டுச் சாத்திக்கொண்டார்கள்.

அவர்கள் பிச்சைக்காரி இல்லை, என் நாத்தனார், படத்துக்காக ரொட்டியைத் திரும்ப வாங்கியவள் நான் என்று பத்திரிகைக்கு நாலாவது கடிதம் எழுதினேன். போடவில்லை. குமாரவேல் நேரில் வந்தார். கடிதம் பிரமாதமாம். நின்றுபோன கல்யாணம் ரொட்டியைவிடப் பெரிய நியூஸாம். நாம் இலவசமாகக் கல்யாணக் கேக் செய்து கொடுத்து, பெண் அழுகிற மாதிரி ஒரு படம் எடுத்தால் முதல் பக்கமே கிடைக்குமாம். பேசிக்கொண்டே இரண்டு பன் தின்றார். வெளியே போய்யா என்று கத்தினேன். அந்த ஆளை நினைத்தால் அருவருப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் கேக்கைக் கட்டிக்கொண்டு போய் அவரைக் கூட்டி வந்தவள் நான்தானே.

சவரிமுத்து நீங்கள் சொன்னால் கேட்பார். அவருக்கு எழுதுங்கள். கதவடைப்பு அண்ணன் செய்த குற்றம் இல்லை என்று எழுதுங்கள். அந்தப் படத்தில் வெட்கப்பட வேண்டியவள் யார் என்று என் பெயரைப் போட்டே எழுதுங்கள். என்னைக் காப்பாற்ற ஒரு வரிகூடச் சேர்க்க வேண்டாம். அக்காவுக்கும் தனியாக எழுதுங்கள். உங்கள் கையெழுத்து என்றால் பிரித்துப் படிப்பார்கள்.

தேவமாதா உங்களைச் சுகமாகக் கரை சேர்க்கட்டும். ஞாயிறுதோறும் திருவொற்றியூர்க் கோயிலில் அண்ணி கண்ணில் படாமல் கடைசியில் நின்று, பிலோமினா பெயர் வருகிறதா என்று சாமியார் ஓலை வாசிப்பதைக் கேட்டுவிட்டு வருகிறேன். இந்தக் கடிதத்துக்கு எனக்குப் பதில் வராவிட்டாலும் பரவாயில்லை. அவர்கள் இருவருக்கும் முதலில் எழுதிவிடுங்கள்.

உங்கள்
ஐரீன்