ஜாயிண்ட் போட்டோ

உ
பிளாக் 19, நெய்வேலி
8.6.2014

நாகம்மாளுக்கு,

இங்கே வெயிலைத் தவிர மற்றதெல்லாம் சௌக்கியம். உன் சுகத்துக்கும், உன் அண்ணன், மதினி சுகத்துக்கும் எழுதவும். போனில் பேசினால் நாம் ரெண்டு பேரும் எங்கே போய் முடிப்போம் என்று தெரியும். அதனால்தான் கடிதம்.

ஆகஸ்ட்டோடு எனக்கு மைன்ஸில் சர்வீஸ் முடிகிறது. அதற்குப் பிறகும் ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்க நம் ரெண்டு பேருக்கும் மெடிக்கல் கார்டு தருவார்கள். அதற்கான விண்ணப்ப பாரத்தில் புருஷன் பெண்டாட்டி சேர்ந்து எடுத்த ஜாயிண்ட் போட்டோ ஒட்ட வேண்டும். மூன்று மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டுமாம்.

இதற்காக நீ அலைய வேண்டாம். வெண்மதி எனக்கு ஒரு டிஜிட்டல் கேமரா வாங்கி அனுப்பியிருக்கிறாள். ரிட்டயர் ஆனபின் அப்பா சும்மா இருந்தால் கெட்டுப்போவார் என்று மகளுக்குக் கவலை. மெயின் பஜாரில் ஸ்டுடியோ வைத்திருக்கும் தெய்வசிகாமணியிடம் ரெண்டு மாதமாக வேலை கற்றுக்கொள்கிறேன். தனித்தனியாக எடுத்த ரெண்டு பேரைக் கம்ப்யூட்டரில் ஒரே படமாகச் சேர்க்க இப்போது எனக்கே வரும். என் படத்தை எடுத்தாயிற்று. உன் படம் வேண்டும்.

வெள்ளைச் சுவர் முன்னால் நாற்காலியில் உட்கார். ஜன்னல் உனக்கு இடது கைப் பக்கம் இருக்கட்டும். காலை பத்து மணி வெளிச்சம். எடுப்பவர் உன் கண் உயரத்துக்குக் கேமராவைப் பிடிக்க வேண்டும், ஏழடி தள்ளி நிற்க வேண்டும். டேப் வைத்து அளந்துகொள்ளவும். படத்தை அனுப்ப வேண்டிய மெயில் விலாசம் பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
சோமசுந்தரம்


கோவில்பட்டி
17.6.2014

வெண்மதி அப்பாவுக்கு,

கடிதம் கிடைச்சது. இங்க எல்லாரும் நல்லாருக்கோம். பள்ளிக்கூடம் திறந்த நேரம், யூனிபார்ம் தைச்சு முடியலை. டேப்பு என் கழுத்துலயேதான் கிடக்கு, அதனால அளவுக்குக் குறைச்சல் இல்லை.

மதினி அவங்க போன்ல எடுத்தாங்க. பிரவுசிங் சென்டர்ல கொடுத்து நீங்க எழுதின மெயிலுக்கு அனுப்பியாச்சு. வெள்ளைச் சுவர் கேட்டீங்க, வெள்ளைச் சேலையே கட்டிக்கிட்டேன்.

அலைய வேண்டாம்னு எழுதியிருந்தீங்க. இங்க ராத்திரி ரயில் ஏறினா விடியறப்போ விருத்தாசலம். அங்கேருந்து பஸ்ஸுல எவ்வளவு நேரம்னு உங்களுக்கே தெரியும். அது எனக்கு ஒரு அலைச்சலா? சும்மா சொன்னேன்.

மருந்து மாத்திரை நேரத்துக்குப் போடுறீங்களா?

நாகம்மாள்


நெய்வேலி
26.6.2014

நாகம்மாளுக்கு,

படம் வந்தது. உதவாது. தப்பாக நினைக்காதே, காரணம் எழுதுகிறேன்.

மதினி நின்றுகொண்டு, நீ உட்கார்ந்திருக்க, மேலேயிருந்து எடுத்திருக்கிறார். என் படம் கண் உயரத்தில் எடுத்தது. ரெண்டையும் பக்கத்தில் வைத்தால் நான் பெஞ்சிலும் நீ பள்ளத்திலும் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது. ரெண்டாவது, பகலிலும் குண்டு பல்பைப் போட்டிருக்கிறீர்கள். நீ மஞ்சள், நான் நீலம். மூன்றாவது, வெள்ளைச் சேலையும் வெள்ளைச் சுவரும் ஒன்றாகிப்போய் தோள் எங்கே முடிகிறது என்று தெரியவில்லை.

ஆனாலும் பழகுவதற்காக மூன்று நாள் உட்கார்ந்து உன்னை வெட்டி எடுத்துப் பார்த்தேன். மூன்று மடங்கு பெரிதாக்கி, ஓரம் ஓரமாகப் போக வேண்டும். நெற்றியோரம் நரைமுடி பறப்பதுதான் பெரிய பாடு. முடியை விட்டுவிட்டு வெட்டினால் அட்டையில் கத்தரித்த பொம்மை மாதிரி ஆகிவிடுகிறது. தெய்வசிகாமணி, "அவசரப்படாதீங்க சார், இது கன்வேயர் பெல்ட் இல்ல" என்று சிரிக்கிறார்.

அடர்ந்த கலரில் சேலை கட்டி, பல்பை அணைத்துவிட்டு இன்னொரு தடவை எடுக்கவும். ரயில், பஸ் எல்லாம் எதற்கு? உனக்கும் வேலை கெடும்.

சோமசுந்தரம்


கோவில்பட்டி
5.7.2014

வெண்மதி அப்பாவுக்கு,

வேற படம் அனுப்பியிருக்கேன். அரக்குக் கலர் சேலை. மதினி முக்காலி போட்டு உட்கார்ந்துதான் எடுத்தாங்க. கால் மரத்துப்போச்சுன்னு உங்களைத் திட்டினாங்க.

மூணு நாளா என் மூஞ்சியைப் பெரிசாக்கிப் பாத்துட்டு இருந்தேன்னு எழுதியிருக்கீங்க. நரைமுடி தெரிஞ்சிருக்கு. சந்தோஷம். தை மாசம் எனக்கு இடது கண்ணுல புரை எடுத்தாங்க. இன்னும் அந்தக் கண்ணு கொஞ்சம் சின்னதாத்தான் இருக்கு. அது உங்களுக்குத் தெரியலையா, தெரிஞ்சும் கேக்கலையா?

இருக்கட்டும். நீங்க எதைக் கேட்டீங்க, இதைக் கேக்க? 2007-ல கர்ப்பப்பை ஆபரேஷன் முடிஞ்சு மூணு மாசம் ஓய்வுக்குன்னு இங்க வந்தேன். சண்டை போட்டுட்டா வந்தேன்? நாலாவது மாசம் பெட்டியை அடுக்கி வச்சுட்டு, "எப்போ வர்றே"ன்னு ஒரு வார்த்தை வரும்னு இருந்தேன். வரலை. அஞ்சாவது மாசம் தையல் மிஷின் வாங்கினேன். ஏழு வருஷம் ஆச்சு. ஊர்ல கேக்கிறவங்களுக்கு என்ன பதில் சொல்றதுன்னு எனக்கு இன்னிக்கும் தெரியலை.

நாகம்மாள்


நெய்வேலி
15.7.2014

நாகம்மாளுக்கு,

கண் ஆபரேஷனைப் பற்றி வெண்மதியாவது சொல்லியிருக்கலாம். சொட்டு மருந்தை நிறுத்தாதே.

நீ கேட்டதற்குப் பதில். நீயாக வருவாய் என்று இருந்தேன். கூப்பிட்டால் உடம்பு தேறாதவளைச் சமையலுக்குக் கூப்பிடுகிறான் என்று உன் அண்ணன் நினைப்பாரோ என்று ஒரு எண்ணம். அப்புறம் நாளாகிவிட்டது. நாளான பிறகு எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. எனக்கு இவ்வளவுதான் எழுத வருகிறது.

இந்தப் படம் அருமை. உயரம் சரி, கலர் சரி. ஒரே குறை, ஜன்னல் உனக்கு வலது பக்கம். எனக்கு இடது கன்னத்தில் வெளிச்சம், உனக்கு வலது கன்னத்தில். ஒரே அறையில் ரெண்டு சூரியன் இருக்க முடியுமா? உன்னைத் திரும்பவும் சிரமப்படுத்த மனசு வரவில்லை. கம்ப்யூட்டரில் உன் படத்தை மட்டும் கண்ணாடியில் பார்ப்பது போல இடம் வலமாகத் திருப்பிவிட்டேன். ஒரே நொடி வேலை. வெளிச்சம் ஒன்றாகிவிட்டது. உன் தோளுக்குப் பக்கத்தில் என் சட்டையில் விழ வேண்டிய நிழலைக்கூட மெலிசாகப் போட்டேன். தெய்வசிகாமணியே, "நான் எடுத்த படம்னு சொல்லிக்கலாம் சார்" என்றார்.

பாரத்தில் ஒட்டிக் கொடுத்துவிட்டேன். ஒரு பிரதி இதோடு வைத்திருக்கிறேன். பெரிசாக ஒன்று போட்டு ஹாலில் மாட்டினேன். எதிர்வீட்டு வைத்திலிங்கம் பார்த்துவிட்டு, "அக்கா எப்போ வந்தாங்க?" என்று கேட்டார். போன வாரம் வந்து போனாள் என்று சொல்லிவிட்டேன். சொன்னபோது எனக்கே நம்பிக்கையாக இருந்தது.

சோமசுந்தரம்


நெய்வேலி
29.7.2014

நாகம்மாளுக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

பாரம் திரும்பி வந்துவிட்டது. செக்‌ஷனில் சந்திரா என்று ஒரு அம்மா. படத்தை ரெண்டு நொடிதான் பார்த்தார். "என்ன சார், அம்மா முந்தானையை வலது தோள்ல போட்டிருக்காங்க? வடநாட்டுக்காரங்களா?" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. "உங்க சட்டைப் பாக்கெட் சரியான பக்கம் இருக்கு, அம்மா மட்டும் திரும்பியிருக்காங்க. தனியா எடுத்து ஒட்டினதுதானே?" என்றார். பக்கத்து மேஜைக்காரர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். மானம் போயிற்று. வீட்டுக்கு வந்து ஹாலில் இருந்ததைப் பார்த்தேன். ஆமாம், வலது தோள். மூக்குத்தியும் பக்கம் மாறியிருக்கிறது. நிழலைப் பார்த்தேனே ஒழிய இதைப் பார்க்கவில்லை.

இனி ரெண்டே வழி என்கிறார். ரெண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து எடுக்க வேண்டும். இல்லையென்றால் தனித்தனிப் படம் கொடுக்கலாம், அதற்கு "நாங்கள் சேர்ந்து வாழவில்லை" என்று ரெண்டு பேரும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அப்படிக் காகிதம் நான் தரமாட்டேன்.

அதனால் வா. ஆகஸ்ட் கடைசியில் எனக்கு வழியனுப்பு விழா. மேடையில் ரெண்டு சேர் போடுவார்கள், ரெண்டு மாலை வாங்குவார்கள். போன மாதம் பரமசிவத்துக்கு அப்படித்தான் செய்தார்கள். என் பக்கத்து சேர் காலியாக இருந்தால் நூறு பேர் பார்ப்பார்கள். நீ வந்து போனதாக வைத்திலிங்கத்திடம் வேறு சொல்லி வைத்திருக்கிறேன். விருத்தாசலம் ஸ்டேஷனுக்கு நானே வருகிறேன். எந்தத் தேதி என்று மட்டும் எழுது.

சோமு


கோவில்பட்டி
6.8.2014

வெண்மதி அப்பாவுக்கு,

உடம்புக்கு ஒண்ணும் இல்லை. கண்ணும் தேவலை.

போன தடவை நீங்க அனுப்பின படத்தைக் கவரை விட்டு எடுத்த உடனே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. தையல்காரிக்கு இது தெரியாமப் போகுமா? தப்புன்னு அன்னைக்கே எழுதியிருக்கலாம். எழுதலை. நீங்களா கண்டுபிடிச்சு, "நாகு, இது நீ இல்லையே"ன்னு எழுதுவீங்கன்னு தினம் தபால்காரரைப் பாத்துக்கிட்டு இருந்தேன். கண்டுபிடிச்சது சந்திரா. அந்தம்மா என்னைப் பாத்ததுகூட இல்லை. இருபத்தாறு வருஷம் உங்க வீட்டுல காலையில எழுந்து இந்த முந்தானையைத்தானே இழுத்துச் சொருகிக்கிட்டு உங்களுக்கு டிபன் கட்டினேன்!

கோவமா எழுதலை. அழுகையும் வரலை. முதல்ல வந்துச்சு, அப்புறம் நின்னுபோச்சு.

"வா"ன்னு எழுதிட்டீங்க. ஏழு வருஷமா நான் காத்துக்கிட்டு இருந்த வார்த்தை அதுதான். அந்தப் பக்கத்தை நாலு தடவை படிச்சேன். பாரத்துக்காக வரணும், சேருக்காக வரணும், வைத்திலிங்கத்துக்குச் சொன்ன பொய்க்காக வரணும். உங்களுக்காக வான்னு எங்கயாவது இருக்கான்னு தேடினேன். "எப்படி இருக்கே, உனக்கு வர இஷ்டமா"ன்னு ஒரு வரி இருந்தாக்கூட அண்ணன்கிட்ட டிக்கெட் எடுக்கச் சொல்லியிருப்பேன். சத்தியமாச் சொல்றேன்.

விழாவுல ஒரு சேர் போடச் சொல்லுங்க. நாப்பது வருஷம் மைன்ஸ்ல புழுதி தின்னது நீங்கதான், மாலை உங்களுக்குத்தான். வெண்மதியை வரச் சொல்லியிருக்கேன். வருவா.

இதோட என்னோட படம் ஒண்ணு, ஸ்டுடியோவுல எடுத்தது. திருப்ப வேண்டாம், வெட்ட வேண்டாம். கூடவே ஒரு காகிதம். "நாங்கள் 2007 முதல் சேர்ந்து வாழவில்லை." நானே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கேன். உங்க கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கேன். என் கார்டு வந்ததும் ரிஜிஸ்டர் தபால்ல அனுப்புங்க. நேர்ல கொண்டுவர வேண்டாம்.

நாகம்மாள்