அம்மாவின் தோள் பாரம்

சேசு மரி சூசை துணை

கட்டுக்கலை, கண்டி
1934 ஆகஸ்ட், திங்கட்கிழமை

அன்பு மகள் பெற்றீசியாவுக்கு அப்பா எழுதுவது. இந்தக் கோணல் எழுத்தைப் பார்த்துப் பயந்துவிடாதே பிள்ளை, என் கையால் நானே எழுதுகிறேன். வரி மேலே ஏறிக்கொண்டு போகிறது, ழகரம் எழுத நாக்கையும் சேர்த்து வளைக்க வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள். எல்லோரும் சுகம் என்றுதான் கடிதத்தைத் தொடங்க வேண்டும் என்பது அம்மா கற்றுத்தந்த பாடம். ஆகையால் நான் சுகம், நீயும் மருமகனும் ஈப்போவில் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன். அம்மாவைப் பற்றிக் கீழே எழுதுகிறேன்.

அம்மாவின் கடிதம் ஏன் நின்றுபோனது என்று கேட்டிருந்தாய். அவளுக்கு விரல்கள் மரத்துப்போய்ப் பேனா நிற்பதில்லை. பெண்கள் சங்கதியைப் பிறத்தியாரிடம் சொல்லி எழுதுவிக்கவும் முடியாது. அதனால்தான் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து எழுத்துச் சொல்லித்தந்தாள். இப்போது தெருவில் கடைப் பலகைகளை எல்லாம் வாய்விட்டுப் படித்துக்கொண்டு போகிறேன். துணிக்கடை ஹுஸைன், 'என்ன சுவக்கினண்ணே, என் பேரை எனக்கே சொல்லித் தாறீங்களா' என்று சிரிக்கிறார். இந்த வயதில் எனக்குக் கிடைத்த பெரிய சந்தோஷம் இது, முதன்முதலாய் எழுதுவது இந்தச் செய்தியாய்ப் போயிற்று.

உன் அம்மாவுக்கு மார்பு எப்போதும் பாரம் என்பது உனக்குத் தெரியும். வயது ஏற ஏற அது இன்னும் கூடிவிட்டது. உட்சட்டையின் வார் இரண்டு தோளிலும் பள்ளம் பறித்திருக்கிறது, என் விரலை வைத்தால் உள்ளே படுக்கும். வெயில் நாளில் மார்புக்குக் கீழே தோல் வெந்து புண்ணாகிவிடும். கோயிலில் முழந்தாளிட்டால் யாராவது பிடித்துத்தான் எழுப்ப வேண்டும். எண்ணெய், ஒத்தடம் எல்லாம் பார்த்தாயிற்று. பயப்படாதே, புற்று அல்ல என்று டாக்டர் சொல்லிவிட்டார். சீமையில் படித்து வந்தவர் அவர். பாரம் தோள் நரம்பை இழுக்கிறது, சதையைக் குறைத்துத் தைத்துவிடலாம், அங்கே செய்கிறார்கள், ஆனால் அறுபது கடந்த உடம்புக்கு மயக்க மருந்தும் பிறகு வரும் காய்ச்சலும் ஆபத்து, நீர் என்ன சொல்கிறீர் என்று என்னைக் கேட்டார். அம்மாதான், 'அவரைக் கேட்டு என்னங்க டாக்டரய்யா, சுமக்கிறது நானில்லையா, செய்ங்க' என்றாள். தெரேசாச் சித்தி வந்து, 'இந்த வயசில என்னக்கா அழகு வேண்டிக் கிடக்கு' என்றாள். 'அழகா? ஒரு நாளைக்கு இதை நீ வாங்கி மாட்டிக்கிட்டு சாயங்காலம் வந்து பேசுடி' என்றாள் அம்மா. சித்தி தேத்தண்ணிகூடக் குடிக்காமல் போய்விட்டாள்.

நான் மாதாவுக்கு நேர்த்தி வைத்தேன். நோகிற உறுப்பை வெள்ளியில் செய்து கோயிலுக்குக் கொடுப்பது நம் வழக்கம்தானே. செல்லப்பா ஆசாரியின் கடையில் கண், கை, கால் எல்லாம் செய்து வைத்திருந்தார். இதை எப்படிக் கேட்பது? அவளுக்கு முதுகும்தானே நோகிறது என்று முதுகு ஒன்று தட்டச் சொல்லிவிட்டேன். வீட்டுக்குக் கொண்டுவந்தால் அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, 'இது என்ன, தேங்காய் துருவுற பலகையா' என்றாள். முதுகு என்றேன். 'முதுகையா அறுக்கப் போறாங்க? மாதாவும் பிள்ளைக்குப் பால் குடுத்தவதானே, அவளுக்கு இல்லாத வெக்கம் உங்களுக்கு என்ன வந்தது, போய் மாத்திட்டு வாங்க' என்று துரத்தினாள். திரும்பப் போய்ச் சொன்னேன். ஆசாரி சிரிக்கவில்லை. 'எங்கம்மாவும் இப்படித்தாண்ணே, கடைசி வரைக்கும் கூனிக்கிட்டே போயிட்டா' என்று சொல்லிவிட்டுச் செய்துகொடுத்தார். விடியற்காலைப் பூசைக்கு முன்னே மாதா பாதத்தில் வைத்துவிட்டு ஓடிவந்தேன். கோயில் வேலை பார்க்கும் அம்புறோஸ் அதை வாசல் பக்கமாய் எல்லோர் கண்ணிலும் படும்படி தொங்கவிட்டிருக்கிறான். முதலில் கழற்றச் சொல்ல நினைத்தேன், பிறகு தொங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

நேற்று ஆஸ்பத்திரியில் சேர்த்தேன், நாளைக் காலையில் வெட்டுகிறார்கள். பெண்கள் வார்ட்டில் சாயங்காலம் மட்டும்தான் என்னை விடுவார்கள். இன்றைக்குத் தோடம்பழம் வாங்கிப் போனேன். 'இனி ஒண்ணும் திங்கக்கூடாதுன்னு சொல்லியாச்சு, தெரியாதா' என்று பக்கத்துக் கட்டிலுக்குக் கொடுத்துவிட்டாள். வேறு என்ன செய்வது என்று தெரியாமல் அவள் போர்வையை இழுத்து இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தேன், அதற்கும் ஏசினாள். மாசமாயிருக்கிற உனக்கு எல்லாம் முடிந்த பிறகு எழுதினால் போதும் என்று சொல்லியிருந்தாள். என்னால் தனியாய் வைத்திருக்க முடியவில்லை மகளே, எழுதிவிட்டேன்.

நீ கனமான சாமான் தூக்காதே. உனக்கு உடம்பில் ஏதும் நோவு வந்தால் அம்மாவைப்போல வருடக்கணக்காய் மறைத்து வைக்காமல் மருமகனிடம் சொல். இது கப்பலேறி மலாயா வந்து உன்னிடம் சேரும்போது நாளைய காரியம் எப்போதோ முடிந்திருக்கும். அதற்குப் பிறகு நீ செபம் சொல்லி என்ன பிரயோசனம் என்று பங்குச் சுவாமியாரைக் கேட்டேன். 'ஆண்டவருக்கு நேத்து நாளைன்னு கிடையாது சுவக்கின், மகள் பிந்திச் சொல்றதும் அவருக்கு இண்டைக்கே கேக்கும்' என்றார். அது எனக்குச் சரியாய் விளங்கவில்லை, ஆனால் பிடித்துக்கொள்ள வேறு ஒன்றும் என்னிடம் இல்லை. மாதா உன்னையும் வயிற்றுப் பிள்ளையையும் காப்பாளாக. வாசித்து முடித்தவுடனே, காலம் கடந்துவிட்டதே என்று பாராமல், அம்மாவுக்காக ஐம்பத்துமூன்று மணிச் செபமாலை சொல். நடந்தது எதுவானாலும் வருகிற கிழமை எழுதுகிறேன், அந்தக் கடிதம் வந்து சேரும்வரை நிறுத்தாமல் சொல்.

உன்னை நினைத்தபடி இருக்கும்
அப்பா
சுவக்கின்